மூன்று சைலன்சர் மாற்றியும் வராத சத்தம்: ஒரு கிளாசிக் 350-இன் கதை

வண்டியை டெலிவரி எடுத்து வந்த அன்றே பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டார்: “புல்லட்டுன்னு சொன்னீங்க, சத்தத்தையே காணோமே தம்பி.”

2012-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 அது. பெரியவர் இருபது வருடத்துக்கு மேல் காஸ்ட் அயர்ன் இன்ஜின் வைத்த பழைய புல்லட் ஓட்டியவர். அவர் வண்டி தெருமுனை திரும்பும்போதே வீட்டில் காபிக்குப் பால் வைத்துவிடுவார்களாம். என் வண்டி வாசலில் வந்து நின்றால்கூட அம்மா எட்டிப் பார்க்க மாட்டார். அந்த ஒரு வார்த்தை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நான்கு வருடத்தில் மூன்று சைலன்சர், ஒரு ஏர் ஃபில்டர், எத்தனை என்று நினைவில்லாத அளவுக்கு, கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டுகள் மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் சத்தம் கூடியது. பெரியவரின் சத்தம் மட்டும் வரவில்லை. அது ஏன் வரவில்லை, மாற்றியதெல்லாம் உண்மையில் எதை மாற்றியது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். சென்னைப் புதுப்பேட்டைப் பக்கம் சைலன்சர் தேடப் போகிறவர்களுக்குப் பயன்படலாம்.

ஒரே அளவு, வேறு குரல்

முதலில் ஒரு விசித்திரம். இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்து, திருவொற்றியூரில் தயாரிக்கத் தொடங்கிய அந்தப் புல்லட்டின் சிலிண்டர் 70 மி.மீ. விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.; கொள்ளளவு 346 சிசி. பிறகு வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) இன்ஜினிலும், அதாவது என் கிளாசிக்கிலும், அதே 70, அதே 90, அதே 346. இரண்டும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், வால்வைக் கம்பியால் தள்ளித் திறக்கும் புஷ்ராட் வைத்தவை. காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. கேட்டால் உறவே இல்லாதது போல் இருக்கிறது.

நான் செய்த முதல் தப்பு, இந்த வித்தியாசம் சைலன்சரில்தான் இருக்கிறது என்று நினைத்தது. பழைய வண்டியில் அந்தக்கால சைலன்சர், புதியதில் மாசு விதிகளுக்காக அடைத்துவைத்த சைலன்சர். அடைப்பை எடுத்தால் உள்ளே இருக்கும் குரல் வெளியே வந்துவிடும் என்ற கணக்கு. இதில் பாதி உண்மை இருந்ததுதான் வினை.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரிகிறது. எனவே ஆர்.பி.எம்.மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, 120-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை ‘டப்’ அடி விழுகிறது என்று கிடைத்துவிடும். பழைய புல்லட்டை மெக்கானிக்குகள் 700 சுற்றுக்கும் இறக்கி நிற்க வைப்பார்கள். அப்படியானால் நொடிக்கு ஏறக்குறைய 6 அடி. என் கிளாசிக் ஆயிரத்துக்குச் சற்று மேலே நிற்கும். நொடிக்கு 9-ஐ ஒட்டி வரும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாயால் “டப், டப்” என்று சொல்லிப் பாருங்கள். ஆறு சொல்லிவிடலாம். ஒன்பதில் நாக்கு குழறும். காதும் அப்படித்தான். நொடிக்கு 20-க்குக் கீழே வரும் அடிகளைக் காது தனித்தனியாக எண்ணுகிறது. அதைத் தாண்டினால் அவை ஒட்டிக்கொண்டு ஒரே சுருதியாகிவிடுகின்றன. ஒற்றை சிலிண்டரில் அந்த எல்லை 2400 ஆர்.பி.எம். பக்கம் விழுகிறது. நாம் ‘புல்லட் சத்தம்’ என்று கொண்டாடுவது இந்த எல்லைக்குக் கீழே இருப்பதை. நெடுஞ்சாலையில் நான்காயிரம் சுற்றில் போகும்போது எந்த 350 சிங்கிளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் உறுமும்.

அவ்வளவு கீழே இன்ஜின் அணையாமல் நிற்கக் கனமான ஃப்ளைவீல் வேண்டும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கும் அந்த நீண்ட வெறுமையில் வண்டியை உருட்டிக்கொண்டு போவது அந்தக் கனம்தான். அப்புறம் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். பாயிண்ட் வைத்த வண்டியில் டைமிங்கைக் கையாலேயே தள்ளி வைக்கலாம். கொஞ்சம் தாமதமாகப் பொறி விழுந்தால் எரிவதும் தாமதமாகும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது உள்ளே இன்னும் நல்ல அழுத்தம் மிச்சமிருக்கும். அந்த மிச்சம்தான் பைப்புக்குள் ‘டப்’ என்று குதிக்கிறது. ஆக பெரியவர் வண்டியின் கம்பீரத்தில் ஒரு பங்கு, பிஸ்டனைத் தள்ள வேண்டிய சக்தி வீணாக வாசல் வழியே போன சத்தம். மைலேஜும் அதோடு சேர்ந்து போயிருக்கும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

யூசிஇ இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது கலவையை அழுத்தும் விகிதம், 8.5:1, பழையதைவிடக் கூடுதல். சிலிண்டர் ஹெட்டில் இரண்டு பிளக். கலவை சீக்கிரமாகவும் முழுமையாகவும் எரிந்து, பெரும்பகுதி வேலையைப் பிஸ்டன் மேலேயே முடித்துவிடுகிறது. வால்வு திறக்கும்போது கத்துவதற்கு அவ்வளவு மிச்சமில்லை. டைமிங்கை ஒரு மின்னணுப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. ஸ்க்ரூ டிரைவர் அங்கே நுழையாது. வால்வைத் தள்ளும் டேப்பட்டுகள் ஹைட்ராலிக், இடைவெளியைத் தாமே சரிசெய்துகொள்ளும். பழைய வண்டியில் அவை எழுப்பும் ‘கிடுகிடு’வும் போயிற்று. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில். இவ்வளவும் நடந்த பிறகு மிஞ்சியதைத்தான் சைலன்சர் அடக்குகிறது.

இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை.

முதல் சைலன்சர்: பாட்டில்

ஷார்ட் பாட்டில் வாங்கினேன். உள்ளே ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றிக் கிளாஸ் வுல். கம்பெனி சைலன்சரின் உள்ளே வேறு கதை: தடுப்புத் தகடுகள், அறைகள். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும் அலை திரும்பி மோதித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு. தாழ்ந்த சத்தத்தை அடக்க அறைகள் தேவை. கிளாஸ் வுல்லால் கூர்மையான சத்தத்தைத்தான் விழுங்க முடியும், கனமான அடியை அது விட்டுவிடும். எனவே பாட்டில் போட்டதும் கிடைத்தது எனக்குப் பிடித்த மாதிரியான சத்தம்: அடி வெளியே வந்தது, இரைச்சல் வரவில்லை. மூன்றிலும் இதுதான் நல்லது என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் வுல் எரியும். இன்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப்பிலிருந்து வரும் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிந்து ஓட்டை வழியே பறந்துவிடும். ஒரு வருடத்தில் அதே சைலன்சர் வேறு சைலன்சராகிவிட்டது. தினமும் கேட்கிற காதுக்கு இது தெரிவதில்லை; ஊருக்குப் போய்விட்டு வந்த தம்பிதான் “என்னண்ணா, வண்டிக்கு ஜலதோஷமா?” என்று கேட்டான். பிரித்து மறுபடி வுல் சுற்றலாம். ஆனால் எனக்கு அதற்குள் ஆசை அடுத்த படிக்குப் போய்விட்டது.

இரண்டாவது: இந்தோரி

இதைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. ஒரு நேர்க் குழாய், பெயருக்கு ஒரு சல்லடை. ஆக்ஸிலரேட்டரை விட்டால் பட்டாசு. நண்பர்கள் கை தட்டினார்கள், தெரு நாய்கள் துரத்தின, பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பட்டாசு எப்படி வெடிக்கிறது என்பது மட்டும் சொல்லத் தகுந்தது. ஆக்ஸிலரேட்டரை மூடியதும் சிலிண்டருக்குள் கலவை சரியாக எரியாமல் பாதி அப்படியே வெளியேறும். சூடான பைப்பில் அதற்குக் காற்று கிடைத்தால் அங்கேயே பற்றிக்கொள்ளும். காற்று இரண்டு வழியில் வரும். ஒன்று, பெண்ட் பைப்பும் ஹெட்டும் சேருமிடத்தில் கேஸ்கெட் சரியாக உட்காராத கசிவு. இன்னொன்று, மாசு குறைக்கவென்றே கம்பெனி வைத்திருக்கும் ஏர் வால்வு. எரியாததை பைப்பிலேயே எரிக்க அது கொஞ்சம் காற்றை உள்ளே விடும். கம்பெனி சைலன்சரில் இந்தச் சின்ன வெடிப்புகளும் நடக்கும். தடுப்புகளைத் தாண்டி நம் காதுக்கு வராது. நேர்க் குழாயில் தெருவுக்கே வரும். பட்டாசு வெடித்தால் பவர் கூடிவிட்டது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். உண்மையில் கீழ் சுற்றில் வண்டி சோர்ந்துபோயிருந்தது. மேடேறும்போது முன்பு மூன்றாவது கியரில் போன இடத்தில் இரண்டுக்கு இறக்க வேண்டியிருந்தது. பைப்பில் போகும் அழுத்த அலை முனையில் மோதித் திரும்பி வரும் நேரத்தைப் பொறுத்து சிலிண்டர் சுத்தமாகக் காலியாவதும் ஆகாததும் இருக்கிறது. அந்த நேரக்கணக்கைக் குலைத்துவிட்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வேகமாகப் போவதாக நினைத்திருந்தேன்.

(டூ ஸ்ட்ரோக் ஆட்கள் இதில் நம்மைவிடத் தெளிவு. யமஹா ஆர்எக்ஸ் 100-இன் வயிறு பெருத்த பைப்பை யாராவது வெட்டிக் குறைத்தால் வண்டி செத்துவிடும் என்று அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே பைப் இன்ஜினின் பாதி.)

அப்புறம் ஒரு நாள் சிக்னலில் நிறுத்தினார்கள். அபராதம் கட்டினேன், அதைக் கழற்றிவிட்டுக் கம்பெனி சைலன்சரை மாட்டிக்கொண்டு வந்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன். இன்றைக்கென்றால் அவ்வளவு லேசில் முடிந்திருக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். பல ஊர்களில் பிடித்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்.

மீட்டர் கேட்பதும் நாம் கேட்பதும்

அபராதம் கட்டிய எரிச்சலில்தான் சத்தத்தை எப்படி அளக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். என்னைத் திருத்தியது போலீஸ் அல்ல, இந்தப் படிப்புதான்.

175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு இந்தியாவில் வரம்பு 80 டெசிபல். 80 முதல் 175 சிசி வரை 77. அதற்குக் கீழே 75. புது வண்டிக்கு அங்கீகாரம் தரும்போது அதை முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் வைத்த மைக்கில் அளக்கிறார்கள். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல: 3 கூடினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்கு, 10 கூடினால்தான் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றும்.

விஷயம் இதற்கு மேல் இருக்கிறது. அந்த மீட்டர் எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. மனிதக் காது தாழ்ந்த ஒலியைக் குறைவாகக் கேட்பதால் மீட்டரும் அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குச் சொல்கிறது. ‘ஏ’ வெயிட்டிங் என்று அதற்குப் பெயர். நொடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலியில் கழிவு பூஜ்யம். 125-இல் 16 டெசிபல் கழிவு. 63-இல் 26. 31.5-இல் 39! என் வண்டி 3000 சுற்றில் போகும்போது அடிப்படை அடி நொடிக்கு 25. அதாவது நாம் நெஞ்சில் உணர்கிற அந்தக் கனமான அடி மீட்டருக்குக் கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. மீட்டரை எகிற வைப்பது அடியின் கூர்மை: ‘டப்’ என்பது ‘டட்’ ஆகும்போதும், உலோகம் கிழிகிற மாதிரி இரையும்போதும், பட்டாசு வெடிக்கும்போதும் மேலே கிளம்பும் உயர் அதிர்வுகள். பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்புவதும் அதேதான்.

ஆகவே கனமான சத்தம் வேறு, உரத்த சத்தம் வேறு. கம்பெனியில் சைலன்சர் வடிவமைப்பவர்கள் கூர்மையைச் சீவி, அடியை முடிந்தவரை விட்டுவைக்கிறார்கள். வரம்புக்குள் நின்றுகொண்டே கம்பீரம் காட்ட அது ஒன்றுதான் வழி. நான் காசு கொடுத்து வாங்கிய இந்தோரி செய்தது இதற்கு நேர் தலைகீழ். அடி அதேதான் இருந்தது, கூர்மை மட்டும் கூடியது.

காற்று உள்ளே வரும் சத்தம்

மூன்றாவது சைலன்சருக்கு முன்னால் ஏர் ஃபில்டர் மாற்றினேன். இந்தக் கதையில் நான் எதிர்பாராத இடம் இது. ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரில் நேராக ஒரு கூம்பு ஃபில்டர். கிக் அடித்ததும் ஒன்றும் வித்தியாசமில்லை. தெருவைத் தாண்டி ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்தேன். தொடைக்குக் கீழே ஏதோ ஒன்று மூச்சிழுத்தது. ‘ஹோ’ என்று ஒரு ஆழ்ந்த குரல்.

சைலன்சர் சத்தம் பின்னால் வருகிறவருக்கு. ஓட்டுகிறவர் அதைப் பாதிதான் கேட்கிறார். வேகத்தில் காற்று மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். இன்டேக் சத்தம் டேங்குக்கு அடியிலிருந்து, நம் முழங்காலுக்கு நடுவிலிருந்து நேராக வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றுத் தூண் இழுபட்டு, வால்வு மூடியதும் திடுக்கென்று நிற்கிறது. அந்த அதிர்ச்சி அலையாக வாய் வழியே வெளியே வரும். ஏர் பாக்ஸ் வெறும் ஃபில்டர் டப்பா அல்ல. காலி பாட்டில் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று வருமே, அதே தத்துவத்தில் குறிப்பிட்ட சுருதியை விழுங்குவதற்காகவே அதன் கொள்ளளவும் மூக்குக் குழாயின் நீளமும் கணக்கிட்டு வைக்கப்பட்டவை. அதைத் தூக்கிப் போட்டால் அடக்கியிருந்த குரல் வெளியே வரும். ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கையில் கார்பரேட்டரின் தட்டே கதவாக நின்று அதைத் தடுக்கும். திறக்கத் திறக்கத்தான் கேட்கும். கையின் அசைவுக்குப் பதில் சொல்வது போல. சத்தத்தில் பைத்தியம் உள்ளவர்கள் சைலன்சரை விட்டு இதைத்தான் முதலில் தொட வேண்டும் என்று அன்று தோன்றியது.

விலை இருந்தது. கார்பரேட்டர் சிவி வகை; அதற்குள் பெட்ரோலை அளந்துவிடும் சின்ன பிஸ்டன் ஏறி இறங்குவது ஏர் பாக்ஸில் இருக்கும் அமைதியான அழுத்தத்தை நம்பி. கூம்பு போட்டதும் எதிர்க்காற்றில் ஒரு மாதிரி, பக்கக்காற்றில் ஒரு மாதிரி ஓடியது. காற்று கூடி பெட்ரோல் கூடாததால் கலவை மெலிந்தது, பெண்ட் பைப் நீலமேறியது, பட்டாசு அதிகமாயிற்று. மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினோம், பிறகு இன்னொரு அளவு, பைலட் ஸ்க்ரூவைத் திருப்பினோம். நடு ஆக்ஸிலரேட்டரில் சரியாகாமலே இருந்தது. அப்புறம் மழை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நவம்பர் மாலை ஃபில்டர் நனைந்து வண்டி நின்றுவிட்டது. தாம்பரம் வரை தள்ளினேன். நம் ஊர்த் தூசியில் திறந்த ஃபில்டர் எவ்வளவு நாள் சிலிண்டரைக் காப்பாற்றும் என்ற கவலை தனி. ஏர் பாக்ஸ் திரும்ப வந்தது.

கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் ஜெட் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். சீராக ஓடும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துப் பெட்ரோலைத் திருத்திக்கொள்ளும். முழுதாகத் திறக்கும்போது வண்டியின் கணினிப் பெட்டியான இசியு தன்னிடம் உள்ள பட்டியலைத்தான் நம்பும். அந்தப் பட்டியல் கம்பெனி சைலன்சரையும் கம்பெனி ஃபில்டரையும் வைத்து எழுதியது.

மூன்றாவதும், அதன் பிறகும்

மூன்றாவது சைலன்சர் நல்ல வேலைப்பாடு, சத்தத்தைத் தடுக்கும், கழற்றி மாட்டும் பேஃபிளோடு. பேஃபிள் போட்டால் முதல் பாட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. எடுத்தால் இந்தோரிக்குப் பக்கத்தில். நடுவில் ஒன்றுமில்லை. அதை மாட்டிக்கொண்டு எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஐடிலில் விட்டுக் கேட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல், சர்வீசுக்கு வந்திருந்த ஒரு காஸ்ட் அயர்ன் புல்லட்டை வெளியே உருட்டினார். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மிதித்து, சிலிண்டர் அழுத்தத்தை இறக்கும் டீகம்ப்ரஷரை விட்டு, ஒரே உதை. அந்த வண்டியில் பழைய கம்பெனி சைலன்சர்தான், துருவோடு. ஐடிலை இறக்கினார். டப்... டப்... டப்.

“சைலன்சர்லயா இருக்கு? அங்க பாரு,” என்று இன்ஜின் பக்கம் கையைக் காட்டினார். “உன் வண்டியில இது கிடையாதுப்பா. அதுல இருக்கிறதத்தான் அது பேசும்.”

உலகத்தில் இதை எழுத்திலேயே சொல்லப் பார்த்தவர்கள் ஹார்லி டேவிட்சன்காரர்கள். தங்கள் வண்டியின் சத்தத்தையே டிரேட்மார்க்காகப் பதிய 1994-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார்கள். அந்த விண்ணப்பம் பேசியது சைலன்சரைப் பற்றி அல்ல: ஒரே கிராங்க் பின்னில் இரண்டு சிலிண்டர் கொண்ட வி-ட்வின்னின் சத்தம் என்று. 45 டிகிரி கோணத்தால் ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் 315 டிகிரி, அதற்கடுத்து 405 டிகிரி என்று நொண்டி நொண்டி வருவதுதான் அந்தத் தாளம். போட்டிக் கம்பெனிகள் எதிர்த்து வழக்காடியதில் 2000-இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என்ஃபீல்டே 2018-இல் 650 ட்வின் கொண்டுவந்தபோது கிராங்கை 270 டிகிரியில் அமைத்தது. அடிகள் 270, 450 என்று விழுகின்றன. அந்தத் தாளத்தை எந்தச் சைலன்சர் மாற்றினாலும் குலைக்க முடியாது, வேறு வண்டிக்குக் கொடுக்கவும் முடியாது.

2021-இல் வந்த புதிய கிளாசிக்கில் 72-க்கு 85.8 மி.மீ., 349 சிசி, புஷ்ராட் போய், வால்வைத் திறக்கும் கேம் மேலேயே, அதிர்வைக் குறைக்க பேலன்சர் ஷாஃப்ட். 2023-இல் புல்லட்டுக்கும் அதே இன்ஜின். நண்பனுடையதை ஓட்டிப் பார்த்தேன். என் வண்டியைவிட மெதுவான குரல், ஆனால் கவனித்துச் செதுக்கிய குரல். பழைய புல்லட்டில் கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்டிலும் வரும் உதறலையும் சேர்த்துத்தான் நாம் ‘சத்தம்’ என்று நினைவு வைத்திருக்கிறோம் என்று அதை ஓட்டியபோது பட்டது. உதறல் போனதும் பாதிச் சத்தம் போன மாதிரி இருக்கிறது.

என் கிளாசிக் இப்போது கம்பெனி சைலன்சரோடு, கம்பெனி ஏர் பாக்ஸோடு நிற்கிறது. பாட்டிலைப் புதிதாக வுல் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன், மாட்டவில்லை. பேஃபிள் வைத்ததை ஒரு கல்லூரிப் பையன் பாதி விலைக்கு வாங்கிப் போனான், பேஃபிளை என்னிடமே விட்டுவிட்டு. இந்தோரியைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். தராசில் வைத்த கடைக்காரர், “உள்ள ஒண்ணுமே இல்லையே சார், வெத்துக் குழாயா?” என்று முனையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.